ஈத் தசை ப்ரொஜெக்டுக்கு எந்த ஈ: பழ ஈயா, பச்சை ஈயா, வீட்டு ஈயா? (மலையகக் குளிரையும் கணக்குல எடுத்து)

கம்பஸ்ல கடைசி வருஷ ரிசேர்ச்சுக்கு "வளர்ச்சியில ஈயோட தசையும் மத்த இழையங்களும்"னு ஒரு தலைப்பை ஆசையா எடுத்துருவாங்க, சரி எந்த ஈயை வளக்கப் போறீங்கன்னு கேட்டா அங்கேயே நின்னுருவாங்க. ஏ.எல். பயோ பிள்ளைகளுக்கு உருப்படியா ஒரு செய்முறை காட்டணும்னு நினைக்கிற டீச்சர்மாருக்கும் இதே குழப்பம்தான். நெட்ல தேடினா எங்க பாத்தாலும் டுரோசொபிலா, அதாவது பழ ஈ, அதனால கண்ணை மூடிட்டு அதையே எடுத்துட்டு, பிறகு ஒரு டியூப் சாறு எடுக்கிறதுக்கு ராத்திரி முழுக்க கடுகளவு நெஞ்சறையை ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டு இருக்கிறாங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிர்றேன். தசை எப்படிக் கட்டுப்படுதுங்கிறது உங்க கேள்வின்னா பழ ஈ எடுங்க. கட்டுன தசைக்குள்ள என்ன இரசாயனம் ஓடுதுங்கிறது கேள்வின்னா மீன் கடையில மொய்க்குதே அந்தப் பச்சை ஈயை எடுங்க. வீட்டு ஈக்கு ஒரு சின்ன இடம் இருக்கு. ஆனா நீங்க இருக்கிறது கண்டியிலயா நுவரெலியாவிலயாங்கிறது இந்த முடிவை நீங்க நினைக்கிறதை விட ரொம்ப மாத்தும், அதை யாரும் சொல்லித் தர்றதில்ல, ஏன்னா புரொட்டோகோல் எழுதினவங்க எல்லாரும் 25 பாகை இன்கியூபேட்டரை வச்சுக்கிட்டு எழுதினவங்க.

ஈக்குள்ள நடக்கிறது என்ன

புழு, அதாவது குடம்பி, மூணு பருவம் வளரும். பழ ஈயில முட்டை ஏறக்குறைய 10 மைக்ரோகிராம், நாலே நாள்ல புழு 2 மில்லிகிராம் வந்துரும், அது கிட்டத்தட்ட 200 மடங்கு. அதுக்கப்புறம் சாப்பாட்டை விட்டுட்டு அலையும், பிறகு கடைசித் தோலைக் கழட்டாம அதையே இறுக்கிப் பழுப்பாக்கிக் கூடு ஆக்கிக்கும். அந்தக் கூட்டுக்குள்ள, ஊர்ந்து திரியிறதுக்கு வச்சிருந்த தசையில பெரும்பங்கு கரைஞ்சுரும், கொழுப்புடல் பிரிஞ்சு தனித்தனிக் கலமாயிரும், அந்தச் சரக்கை வச்சே காலும் இறக்கையும் பறக்கிற தசையும் புதுசா எழும்பும். இதெல்லாத்தையும் முடுக்கி விடறது எக்டைசோன்ங்கிற ஓமோன்.

பறக்கிற தசைதான் இதுல ராஜா. பழ ஈ செக்கனுக்குச் சுமார் 200 தடவை இறக்கை அடிக்குது, ஆனா நரம்புல இருந்து வர்ற தூண்டல் செக்கனுக்கு ஒரு சில தடவைதான். மிச்சத்தைத் தசை தானாவே பாத்துக்குது, ஒரு தொகுதி இழுபட்டா அந்த இழுப்பே அடுத்த சுருக்கத்துக்குத் தூண்டல். பிரிங்கிள்ங்கிற விஞ்ஞானி 1949ல இதைக் காட்டினது கலிபோராங்கிற ஊதா நிற இறைச்சி ஈயிலதான், பழ ஈயில இல்ல, கவனிச்சுக்கோங்க. இந்த வேகத்துக்குச் சக்தி வேணும்னு தசையோட கனவளவுல மூணுல ஒரு பங்கு மாதிரி இழைமணிதான் (கலத்துக்குச் சக்தி தர்ற மைற்றோகொண்ட்ரியா) அடைச்சுக்கிட்டு இருக்கும், ஒட்சிசனை வாதனாளிக் குழாய் நேரா தசை நாருக்குள்ளேயே கொண்டுபோய்க் குடுக்கும். நம்ம தசையில கிரியற்றின் பொஸ்பேற்று செய்யிற வேலையை இங்க ஆர்ஜினின் பொஸ்பேற்று செய்யுது. ஓடிக் களைச்சா நமக்கு லக்டிக் அமிலம் சேரும், ஈக்கு அது சேர்றதே இல்ல. லக்டேற்று டிஹைட்ரொஜினேசு நொதியம் பறக்கிற தசையில மிகக் குறைவு, அதுக்குப் பதிலா கிளிசரோல் பொஸ்பேற்று வழியா ஐதரசனை இழைமணிக்குள்ள தள்ளி விட்டுருது.

எதை வச்சு முடிவெடுக்கிறது

முதலாவது, ஒரு ஈயில இருந்து எவ்வளவு இழையம் கிடைக்கும். நொதியம் அளக்கணும், புரதம் ஜெல்லுல ஓட்டணும்னா இதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

ரெண்டாவது, வயசு. "வளர்ச்சியில"னு தலைப்புல போட்டுட்டீங்கன்னா ஒவ்வொரு பியூப்பாவும் (கூட்டுக்குள்ள இருக்கிற பருவம்) எத்தனை மணித்தியாலம்னு தெரிஞ்சே ஆகணும், "மூணாம் நாள் பியூப்பா"ன்னு எழுதினா எக்சாமினர் கேப்பாரு, எந்த வெப்பநிலையில மூணாம் நாள்னு.

அதான் மூணாவது, வெப்பநிலை. ஈக்குச் சொந்தச் சூடு கிடையாது, அறை என்ன பாகையோ அந்த வேகத்துலதான் வளரும். கண்டி 500 மீற்றர் உயரம், சராசரி 24, 25 பாகை. ஹட்டன், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல, அங்க 20 பாகை சொச்சம். நுவரெலியா 1,868 மீற்றர், சராசரி 16 பாகைதான், ஜனவரி, பெப்ரவரியில விடியக்காலை புல்லுல உறைபனியே விழும். இப்ப பாருங்க, பழ ஈ முட்டையில இருந்து முழு ஈயாக 25 பாகையில 10 நாள், 18 பாகையில அதுபோல ரெண்டு மடங்கு, 12 பாகைக்குக் கீழ போச்சுன்னா வளர்ச்சி முடியாமலேயே போயிரும். ஒரே புரொட்டோகோல்தான், கண்டிப் பக்கத்துப் பேராதனையில ஒரு செமஸ்டர்ல முடியுற வேலை நுவரெலியாப் பக்கத்து நானுஓயாவுல முடியாது.

நாலாவது வாடை. சிரிக்காதீங்க. போர்டிங்ல இருந்துக்கிட்டோ ஸ்கூல் லெப்ல வச்சோ வளக்கிற ஆளுக்கு இது வெப்பநிலையை விடப் பெரிய விஷயம்.

மிச்சம், என்ன கருவி வேணும், முன்னாடி ஆட்கள் எவ்வளவு வேலை செஞ்சு வச்சிருக்காங்க, இந்த ரெண்டும்.

| | பழ ஈ | பச்சை ஈ | வீட்டு ஈ |
|---|---|---|---|
| ஒரு ஈயோட எடை | 1 மி.கி. மாதிரி | சில பத்து மி.கி. | 15–20 மி.கி. |
| பியூப்பா வயசு பாக்கிறது | கூட்டுக்கு வெளியில இருந்தே தெரியும் | கூட்டை உடைக்கணும் | கூட்டை உடைக்கணும் |
| சாப்பாடு | ரவை, சீனி, ஈஸ்ட், அகர் | ஈரல், மீன் கழிவு | தவிடு, பால்மா, ஈஸ்ட் |
| வாடை | புளிச்ச வாடை, தாங்கலாம் | சொல்லி வேலை இல்ல | நடுத்தரம், ஆனா ஒட்டிக்கிட்டே இருக்கும் |
| வெட்டுறதுக்கு | நல்ல ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், கூர் ஃபோர்செப்ஸ் | கைவில்லையும் குண்டூசியும் வச்சே தொடங்கலாம் | சாதா ஸ்டீரியோ போதும் |
| மரபணுக் கருவி | கொட்டிக் கிடக்கு | இல்லன்னே வச்சுக்கோங்க | ஜீனோம் இருக்கு, மத்தது குறைவு |

பழ ஈ

இதோட பலம் எடையில இல்ல, கண்ணாடி மாதிரி எல்லாம் தெரியிறதுலதான். அலையிற புழு அசையாம நின்னு வெள்ளைக் கூடாகிற நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு, அந்த வெள்ளைக் கூட்டை ஈரத் தூரிகையில தொட்டு எடுத்துட்டா அதுதான் பூச்சிய மணித்தியாலம், அங்க இருந்து எண்ணிக்கிட்டே போகலாம். கூடு மெல்லிசா இருக்கிறதால கண் மஞ்சளாகிறது, சிவக்கிறது, இறக்கை கறுக்கிறது எல்லாமே வெளியில தெரியும். புழுவோட வயசுக்கு இன்னொரு தந்திரம், சாப்பாட்டுல 0.05 வீதம் புரோமோபினோல் நீலம் கலந்து விடுங்க, குடல் நீலமா இருக்கிற புழு இன்னும் நேரம் இருக்கிற ஆளு, குடல் வெளிறிப் போனது சீக்கிரம் கூடாகப் போற ஆளு.

பறக்கிற தசை எப்படி உருவாகுதுங்கிற கதை இந்த ஈயிலதான் முழுசா எழுதப்பட்டிருக்கு. நெஞ்சறையில நீட்டுவாக்குல ஓடுற தசை பக்கத்துக்கு ஆறு நார். புழுவோட பழைய தசையில பெரும்பங்கு கரையும்போது மூணே மூணு மட்டும் சாகாம நிக்கும், இறக்கை டிஸ்குல (புழுவுக்குள்ள இறக்கைக்குன்னு ஒதுக்கி வச்ச கலக் கூட்டம்) இருந்து வர்ற தசைமூலக் கலங்கள் அதுங்களோட போய்ச் சேந்துக்கும், அந்த மூணும் நெடுக்கா பிளந்து ஆறாகும். 25 பாகையில கூடாகி ஒரு எட்டு மணித்தியாலத்துல தொடங்கி முதல் நாளுக்குள்ளேயே இந்தக் கூத்து முடிஞ்சுரும். மேலுங்கீழுமா ஓடுற தசை பக்கத்துக்கு ஏழு, அதுக்கு இந்த மாதிரி பழைய அச்சு ஒண்ணும் இல்ல, புதுசாவே கட்டுப்படும். பெங்களூர் விஜயராகவன் குழுவும் கேம்பிரிட்ஜ் மைக்கேல் பேட்டும் சேந்து 1991ல இதை விவரிச்சாங்க. ஒரே நெஞ்சறையில ரெண்டு விதமான கட்டுமானம், பக்கத்துல பக்கத்துல, ஒப்பிட்டுப் பாக்க இதை விட என்ன வேணும். ஈ வெளியில வர்ற நேரத்துல ஒவ்வொரு தசைப்பாத்தும் (தசை நாருல வரிசையா வர்ற சுருங்குற அலகு) சுமார் 3.2 மைக்ரோமீற்றர் நீளம், வரிசை பிசகாம நிக்கும்.

இன்னொரு அழகு, பறக்கிற தசைக்குன்னே தனியா ஒரு அக்ரின் (தசை சுருங்குறதுக்கு வேண்டிய புரதம்) மரபணு இருக்கு, ஆக்ட்88எஃப். அது கெட்டுப்போனா ஈ பறக்காது, ஆனா சாகாது, நடந்து திரிஞ்சு சாப்பிட்டுப் பிள்ளையும் பெத்துக்கும், ஏன்னா கால் தசைக்கு வேற அக்ரின். எலியில இப்படி ஒரு தசையைக் கெடுத்து வச்சுப் பாக்கிறது லேசில்ல. 1993ல வந்த கால்4 முறையில வேணும்னா தசையில மட்டும் ஒரு மரபணுவை ஏத்தலாம், இறக்கலாம். அமெரிக்காவுல புளூமிங்டன் ஸ்டொக் சென்டர்ல 70,000க்கு மேல ஈ வகை வச்சிருக்காங்க.

இப்ப செலவுப் பக்கம். அந்த 70,000ம் அங்க இருக்கு, நீங்க இங்க இருக்கீங்க. உயிருள்ள பூச்சியை வெளிநாட்டுல இருந்து எடுக்கிறதுன்னா அனுமதி, பேப்பர் வேலை, வழியில சாகாம வரணும், ஒரு வருஷ ப்ரொஜெக்டுக்கு இது சரிவராது, இங்க ஏற்கனவே வளக்கிற ஒரு லெப்ல கேட்டு வாங்கிறதுதான் வழி. சரி வாழைப்பழம் வச்சுப் பிடிச்சுக்கிறேன்னு சொல்லுவீங்க. பிடிக்கலாம், ஆனா பழத்துக்கு வர்றதெல்லாம் லெப்ல வளக்கிற மெலனோகஸ்டர் இனம் இல்ல, நம்ம நாட்டுல அந்தக் குடும்பத்துல பல இனம் இருக்கு, ஆணோட முன்னங்கால்ல சீப்பு மாதிரி மயிர் வரிசையும் கறுத்த வயித்து நுனியும் பாத்துத்தான் பிரிக்கணும், அப்பவும் சிமுலன்ஸ் இனம் அச்சு அசல் அதே மாதிரி இருந்து ஏமாத்தும். (கொய்யாவையும் பாகற்காயையும் துளைக்கிற பெரிய ஈ வேற குடும்பம், அதைக் கொண்டு வந்துராதீங்க.)

பிறகு பூஞ்சணம். மழை மாசத்துல மலைநாட்டு ஈரத்துக்கு ரவைச் சாப்பாடு மூணாம் நாளே பூத்துரும், நிப்பாஜின் இல்லாட்டி புரொப்பியோனிக் அமிலம் போடாம இங்க வளக்கவே ஏலாது. குளிர்ல ஈ மெதுவா வளரும், பூஞ்சணம் அப்படி மெதுவாகாது, அதனால கண்டியில தப்பிக்கிற போத்தல் நுவரெலியாவுல தப்பிக்காது.

பெரிய செலவு இழையம்தான். நெஞ்சறையில தசை நிறைய இருந்தாலும் முழு ஈயே ஒரு மில்லிகிராம். ஒரு நொதிய அளவீட்டுக்கே பல ஈ, அதை ஆறு வயசுக்கு, மூணு தடவை திருப்பிச் செய்யணும்னா கணக்கு எங்க போய் நிக்கும்னு பாத்துக்கோங்க. முழுப் புழு, முழுப் பியூப்பாவை நசுக்கிச் செய்யிற வேலைன்னா பரவாயில்ல. உதாரணத்துக்கு லக்டேற்று டிஹைட்ரொஜினேசு: வேகமா வளர்ற புழுவுல இது நிறைய இருக்கும், குளுக்கோசை ஒட்சிசன் இருக்கும்போதே லக்டேற்று பக்கம் தள்ளி உடம்பு கட்டிக்கிட்டு இருக்கும், பியூப்பாவாகும்போது நொதியம் சரிஞ்சுரும். ஸ்பெக்ட்ரோவுல (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு அளக்கிற கருவி) 340 நனோமீற்றர்ல அளந்தா இந்தச் சரிவு தெரியும், மொத்தமா நசுக்கினாலும் பதில் கிடைக்கும். தசையை மட்டும் தனியா எடுத்து அளக்கணும்னா எனக்கு அந்தப் பொறுமை இல்ல, உங்களுக்கு இருந்தா செய்யுங்க.

பச்சை ஈ

நம்ம பக்கம் கருவாட்டுலயும் மீன் கழிவுலயும் அதிகம் கிடைக்கிறது கிறைசோமியா மெகாசெபலா, பெரிய சிவந்த கண்ணு, பச்சையும் நீலமும் மினுங்குற உடம்பு. கூட லுசிலியா இனங்களும் வரும். மேல சொன்ன கலிபோரா இந்தக் குடும்பத்துல பெரியவர்.

பூச்சி உயிர் இரசாயனத்துல பழைய நல்ல வேலைகள்ல ஒரு பெரிய பங்கு இந்தக் குடும்பத்து முதுகுல ஏறித்தான் வந்திருக்கு, இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. 1935ல பிரேன்கல் கலிபோராப் புழுவோட நடுவுல நூலைக் கட்டினார், ஓமோன் வெளியாகிறதுக்கு முந்தின நேரத்துல கட்டினா முன்பாதி மட்டும் பழுப்புக் கூடாச்சு, பின்பாதி வெள்ளைப் புழுவாவே கிடந்துச்சு, கொஞ்சம் பிந்திக் கட்டினா ரெண்டு பாதியுமே கூடாச்சு. முன்பக்கத்துல இருந்து ஏதோ ஒரு சாமான் ரத்தத்துல வருதுங்கிறதுக்கு அதுதான் சாட்சி. 1954ல பூட்டநண்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்பூச்சிப் பியூப்பாவுல இருந்து வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகத்தைப் பிரிச்சு எடுத்தாங்களே, எந்தச் சாறுல ஓமோன் இருக்கு எதுல இல்லன்னு அவங்க கண்டுபிடிச்சதே இந்த மாதிரி நூல் கட்டின கலிபோராப் புழுவுல ஊசி போட்டுப் பாத்துத்தான். இந்தப் பரிசோதனையை ஒரு ஸ்கூல் லெப்ல தையல் நூலை வச்சே செய்யலாம், செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. பழ ஈப் புழுவுல நூல் கட்டிப் பாருங்க, தெரியும்.

ரத்தம் எடுக்கிறதும் அப்படித்தான். கடைசிப் பருவப் புழுவைக் குத்தினா ஒரு நல்ல துளி ஈமோலிம்ப் வரும், அதை ஜெல்லுல ஓட்டினா 80 கிலோடால்டன் பக்கத்துல ஒரு தடிச்ச பட்டை தெரியும். அது சேமிப்புப் புரதம், கலிபோராவுல அதுக்குக் கலிபோரின்னு பேரு, முத்தின புழுவோட ரத்தப் புரதத்துல பாதிக்கு மேல அதுதான். கூடாகிற நேரத்துல கொழுப்புடல் அதை உறிஞ்சி மணிமணியா அடுக்கி வச்சுக்கும், பிறகு ஈயைக் கட்டுற செங்கல் அதுதான். புழு, அலையிற புழு, பியூப்பா, ஈ, நாலு கிணறுல நாலு வயசைப் போட்டு அந்தப் பட்டை எப்படி மாறுதுன்னு ஒரே ஜெல்லுல காட்டலாம், படம் நல்லா வந்தா அதுவே ஒரு அத்தியாயம்.

பறக்கிற தசைக்கும் இதுதான். அமெரிக்காவுல லெவன்புக்கும் வில்லியம்சும் 1956ல போர்மியாங்கிற இதே குடும்பத்து ஈயில பாத்தது, ஈ கூட்டை உடைச்சு வெளியில வந்த பிறகும் தசை முடியலைங்கிறதைத்தான். முதல் கிழமையில இழைமணி பெருத்துக்கிட்டே போகுது, இழைமணியில இருக்கிற சைற்றோகுரோம் சிங்கிற புரதம் கூடுது, அதோட சேந்து இறக்கை அடிக்கிற வேகமும் கூடுது. இதுல இறக்கை வேகத்தை நீங்க போன்லயே அளக்கலாம். ஈயோட முதுகுல ஒரு குண்டூசித் தலையைப் பசையில ஒட்டுங்க, காலுக்குக் கீழ இருக்கிற கடதாசியை இழுத்தா உடனே பறக்கத் தொடங்கும், போனைப் பக்கத்துல பிடிச்சுச் சத்தத்தைப் பதிஞ்சு, கிட்டார் சுருதி பாக்கிற இலவச ஆப்புல போட்டா செக்கனுக்கு எத்தனைன்னு வந்துரும். ஒவ்வொரு நாளும் ஒரே வெப்பநிலையில அளக்கணும், அதை மறந்துட்டா தசை வளந்ததா வெயில் அடிச்சதான்னு பிரிக்க முடியாது.

பறக்கத் தொடங்குற முதல் சில செக்கன்ல தசையில புரோலின் குறைஞ்சு அலனின் கூடும், கிரெப்ஸ் வட்டத்தை நிரப்பி ஓட வைக்கிறதுக்கு அந்தப் புரோலின் போகுது. பிறகு முழுக்கச் சீனிதான், ஒட்சிசன் பாவனை ஓய்வா இருக்கிறதை விடப் பல பத்து மடங்கு ஏறும். ரத்தச் சீனி திரேகலோசு, அது தாழ்த்தும் சீனி இல்ல, அதனால பெனடிக்ட் போட்டுட்டு "சீனியே இல்ல"ன்னு எழுதிராதீங்க.

இனி இதோட கஷ்டம். வாடையைப் பத்திச் சொல்லத் தேவையில்ல, ஈரலை மூடி வச்சாலும் வெளியில தெரியும், லைன் வீட்டுலயோ போர்டிங்லயோ நினைச்சே பாக்காதீங்க, லெப்புக்கு வெளியில ஒரு கூரைக்குக் கீழ இடம் கிடைச்சா மட்டும் தொடங்குங்க. மரத்தூள்ல புழு இறங்க விட்டா ஓரளவு அடங்கும். காட்டுல இருந்து எடுத்த கூடுகள்ல ஈக்குப் பதிலா குட்டிக் குளவி வெளியில வர்றதும் உண்டு, ஒட்டுண்ணிக் குளவி பியூப்பாவுக்குள்ள முட்டை வச்சிருக்கும், அதனால முட்டையில இருந்து நீங்களே வளத்தது மட்டும்தான் கணக்கு.

சாறு கறுக்கிறது இன்னொரு தலைவலி. புழுவைக் குத்தினதும் ரத்தம் காத்து பட்டுக் கறுக்கத் தொடங்கும், கூட்டைப் பழுப்பாக்குறதுக்கு வச்சிருக்கிற நொதியம்தான் டியூப்ல வேலை காட்டுது. ஐஸ்ல வச்சு வேகமா செய்யணும், ஒரு துளி பினைல்தயோயூரியா போட்டா நிக்கும், ஆனா அது நஞ்சு, டீச்சர் கையில மட்டும் இருக்கணும்.

எல்லாத்தையும் விட மோசமானது ஒண்ணு இருக்கு, அதுவும் குளிர் ஊர்லதான் கூடக் கடிக்கும். புழுக்கள் கும்பலா சாப்பிடும்போது அந்தக் கும்பலே சூடாகும், அறையை விடப் பல பாகை கூட. நீங்க சுவர்ல தொங்குற வெப்பமானியில 17ன்னு எழுதி வைப்பீங்க, புழு வளந்தது 25லயோ அதுக்கு மேலயோ. கும்பலோட நடுவுல இருக்கிறதும் ஓரத்துல இருக்கிறதும் ஒரே வயசு, ஆனா வெவ்வேற வளர்ச்சி. அதனால சின்னச் சின்னக் கப்ல பிரிச்சு, கப்புக்கு ஒரு கொஞ்சம் புழுவா வளக்கணும், வெப்பமானியைச் சாப்பாட்டுக்குள்ள குத்தணும்.

பியூப்பா வயசும் இங்க கஷ்டம், கூடு தடிப்பு, உள்ள என்னன்னு தெரியாது, உடைச்சாத்தான் தெரியும், உடைச்சா அந்த ஆளு முடிஞ்சுது. வெள்ளைக் கூடு இங்கயும் உண்டு, அந்த நேரத்தைப் பிடிச்சு மணித்தியாலம் எண்ணுறது ஒண்ணுதான் வழி.

வீட்டு ஈ

எடையில நடுவுல, வாடையில நடுவுல, மத்த எல்லாத்துலயும் நடுவுல. கிளிசரோல் பொஸ்பேற்று வழி பத்தின 1950கள் வேலையில இதோட தசைக்குப் பெரிய பங்கு உண்டு, 2014ல ஜீனோமும் வந்துட்டுது. தவிடுல சுத்தமா வளக்கலாம், சூடு இருந்தா வேகமா வளரும். ஆனா வளர்ச்சியைப் பாக்கிறதுக்குன்னு இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியல. பழ ஈ மாதிரி கட்டுமானக் கதை எழுதி வைக்கப்படல, பச்சை ஈ அளவுக்கு இழையமும் இல்ல. மாட்டுக் கொட்டில்ல பிடிச்சதைக் கிருமியோட லெப்புக்குள்ள கொண்டு வர்ற ஆபத்து வேற.

ஒரு இடத்துல மட்டும் இது மத்த ரெண்டையும் அடிக்கும், முழு வளர்ந்த ஈயோட தசை வயசாகிறதைப் பாக்கிறதுன்னா. பறக்க இடமில்லாம சின்னப் போத்தல்ல அடைச்ச வீட்டு ஈ, பறந்து திரிஞ்ச ஈயை விடக் கூட நாள் வாழுதுன்னு சோஹால் குழு 1970கள்ல காட்டினாங்க. கூட்டை உடைச்ச நாள்ல இருந்து சாவு வரைக்கும் தசை எப்படிப் போகுதுங்கிற ப்ரொஜெக்டுக்கு இதை எடுங்க.

சிலர் சாக்கடையில கிடைக்கிற சிவப்புப் புழுவையும் கேக்கிறாங்க, கைரோனோமஸ். உமிழ்நீர்ச் சுரப்பியில இருக்கிற பிரம்மாண்ட நிறமூர்த்தத்தைப் பாக்கணும், எக்டைசோன் குடுத்தா அதுல எந்த இடம் பொங்குதுன்னு பாக்கணும்னா அது தங்கம், 1960ல கிளெவரும் கார்ல்சனும் அதுல தான் பாத்தாங்க. தசைக்கு வேண்டாம்.

குளிரை எப்படிச் சமாளிக்கிறது

இன்கியூபேட்டர் இல்லாதவங்க ரெஜிபோம் பெட்டிக்குள்ள பல்ப் வைக்கிறாங்க. எல்ஈடி பல்ப் போட்டுட்டுச் சூடு வரலன்னு சொல்லாதீங்க, கோழிக்குஞ்சுக்கு வைக்கிற பல்ப் வேணும், முட்டை பொரிக்கிற பெட்டியில போடுற தெர்மோஸ்டாட் ஒண்ணு வேணும், வெளிச்சம் படாம பல்புக்கு மேல ஒரு தகர டின், காஞ்சு போகாம ஒரு கப் தண்ணி. 25ல நிறுத்துங்க, பழ ஈ 30க்குப் போனா ஆண் மலடாயிரும், பிறகு அடுத்த தலைமுறையே வராது. கரண்ட் போற ஊருன்னா போன நேரம், வந்த நேரம் ரெண்டையும் குறிச்சு வைங்க.

ஆனா எல்லாரும் குளிரை எதிரியாவே பாக்கிறாங்க, எனக்கு அது அப்படித் தெரியல. மூணு தசை ஆறாப் பிளக்கிறது 25 பாகையில பாதி ராத்திரியில நடந்து முடிஞ்சுரும், 18 பாகையில அதே வேலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும், பகல்ல உக்காந்து ஆறுதலா மாதிரி எடுக்கலாம். ஹட்டன் பக்கத்து ஆட்கள் பெட்டியை 18ல நிறுத்திக்கிட்டா சூடாக்கவும் அதிகம் தேவையில்ல, குளிராக்கவும் தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு, புத்தகத்துல இருக்கிற மணித்தியாலமெல்லாம் 25 பாகைக்கு எழுதினது, அதை அப்படியே எடுத்துப் போடாம, வெள்ளைக் கூட்டுல இருந்து ஈ வெளியில வர்ற வரைக்கும் உங்க பெட்டியில எவ்வளவு ஆகுதுன்னு அளந்து, வீதமா மாத்தி எழுதணும்.

அப்ப யாருக்கு எது

நல்ல மைக்ரோஸ்கோப் இருக்கிற கம்பஸ் பிள்ளை, கேள்வி தசை உருவாகிறது பத்தினது, மெலனோகஸ்டர் ஸ்டொக் ஒண்ணு பக்கத்துல கிடைக்கும்னா யோசிக்கவே வேண்டாம், பழ ஈ. அதே பிள்ளைக்கு மைக்ரோஸ்கோப் இல்ல, ஸ்பெக்ட்ரோவும் ஜெல் டாங்கியும் இருக்குன்னா பச்சை ஈ.

ஸ்கூல் டீச்சர்மாருக்கு நான் சொல்றது பச்சை ஈப் பியூப்பாவும் ஒரு மூச்சுமானியும். காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கிறதுக்குச் சோடாச்சுண்ணாம்பு போட்ட சின்னக் குழாய், மயிர்த்துளைக் குழாய்ல ஒரு நிறத்துளி, உள்ள அஞ்சாறு பியூப்பா. நாளுக்கு நாள் ஒட்சிசன் எடுக்கிற வேகத்தை வரைஞ்சா முதல்ல இறங்கி, நடுவுல அடியில கிடந்து, ஈ வெளியில வர்றதுக்கு முன்னாடி ஏறும், யூ எழுத்து மாதிரி வரும். பழைய தசை கரைஞ்சு புதுத் தசையும் இழைமணியும் எழும்புறதை வெட்டாமலேயே பாக்கிற மாதிரி. பழ ஈயில இதையே செய்ய ஒரு குழாய்க்குப் பல பத்துப் பியூப்பா வேணும். பியூப்பா போடாத வெறுங்குழாய் ஒண்ணைப் பக்கத்துல கட்டாயம் வைக்கணும், மலைநாட்டுல காலையில பனி, பத்து மணிக்கு வெயில், அந்த மாத்தத்துக்கே துளி ஓடும். வாடையும் பெரிசா இல்ல, ஏன்னா வகுப்புக்கு வர்றது பியூப்பா மட்டும்தான், ஈரல் கப் வெளியிலேயே நிக்கும்.

போர்டிங்ல இருக்கிறவங்க, வீட்டுக்காரம்மா முகத்தைப் பாத்துக்கிட்டுப் பழ ஈயே எடுங்க, கேள்வியை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க, முழுப் புழு நசுக்கிற நொதிய வேலை ஒண்ணு எடுங்க.

ரெண்டு பேர் சேந்து செய்யிற ப்ரொஜெக்ட்னா ஒருத்தர் பழ ஈயில கட்டுமானம், மத்தவர் பச்சை ஈயில இரசாயனம், ரெண்டையும் பியூப்பாக் காலத்தோட வீதத்துல பொருத்திக் காட்டலாம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு. ஆனா ஒரு ஈயில பாத்ததை மத்த ஈயில நடந்ததா எழுதக் கூடாது, வைவாவுல பிடிப்பாங்க.

எதை எடுத்தாலும் வேலை முடிஞ்சதும் மிச்சப் பியூப்பாவை ஃப்ரீசர்ல ஒரு ரெண்டு நாள் வச்சுச் சாகடிச்சுட்டுத்தான் குப்பையில போடணும், சும்மா கொட்டினீங்கன்னா கண்டிச் சூட்டுக்கு அடுத்த கிழமையே கன்டீன்ல போய் நிக்கும், அது எந்த லெப்ல இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும்.